பிறை ஒன்று, புள்ளி மூன்று

அக்டோபர் மாதத்தில் என்னிடம் யாரும் நல்ல வார்த்தை எதிர்பார்க்கக் கூடாது. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்கு மூன்று வாரம் இருக்கும்போது கிள்ளானில் இருக்கிற பாதிக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குச் செத்துப்போன அப்பா அம்மா ஞாபகம் திடீரென்று வந்துவிடும். பதினோரு மாதம் புல் மண்டிக் கிடந்த கல்லை அப்போதுதான் பார்த்தவர்கள் மாதிரி, "ரபேல் அண்ணே, எழுத்தெல்லாம் மங்கிப் போச்சு லா, கொஞ்சம் வெட்டிக் குடுங்க" என்று கடை வாசலில் வந்து நிற்பார்கள். நான் பழைய எழுத்தின் மேலேயே உளியை வைத்து ஆழப்படுத்துவேன். என் மனைவி உர்சுலா கறுப்போ தங்க நிறமோ பூசுவாள். முப்பத்து நான்கு வருடமாக இதுதான் பிழைப்பு. மங்கிய எழுத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. அதுதான் இந்தக் கதையில் நான் செய்த பாவம்.

போன வருடம் அந்த மாதிரி ஓர் அக்டோபர் தொடக்கத்தில்தான் கமலநாதன் மாஸ்டர் வந்தார். பிரிக்பீல்ட்ஸ்காரர். இடைநிலைப் பள்ளியில் சரித்திரம் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். தமிழர் தொன்மைக்கு ஓர் இயக்கம் நடத்திக்கொண்டிருந்தார். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பதினெட்டுப் பேர், வாட்சப் குழுவில் தொள்ளாயிரம் பேர். அவருடைய அப்பாவின் நினைவுக்கல்லை நான்தான் வெட்டினேன். அந்தப் பழக்கத்தில் நேராக உள்ளே வந்து, சாயம் காயாத ஒரு சிலுவையின் மேல் கையை வைத்தார். உர்சுலா பல்லைக் கடித்தாள்.

"ரபேல், செமினி கல்லு விஷயம் கேள்விப்பட்டிருப்பீங்களே?"

கேள்விப்படாமல் இருக்க முடியுமா? இரண்டு மாதமாக என் போனில் வேறு எதுவும் வருவதில்லை. செமினிக்கு அந்தப் பக்கம் ஹார்லோ தோட்டம் என்று ஒரு பழைய ரப்பர் தோட்டம். தொழிலாளர் குடியிருந்த லயங்களை எல்லாம் எப்போதோ இடித்துவிட்டார்கள். இப்போது வீடமைப்பு நிறுவனம் ஒன்று நிலத்தை வாங்கி மேட்டைச் சமன் செய்ய ஆரம்பித்தபோது, காட்டுச்செடிக்குள் பதினோரு கற்கள் கிடைத்தன. முழங்கால் உயரம், கரடுமுரடான கருங்கல். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று செதுக்கியிருந்தது. ஒன்றில் மீன். ஒன்றில் சூலம். ஒன்றில் சீப்பு மாதிரிக் கோடுகள். ஒன்றில் பிறை, அதற்கு மேல் மூன்று புள்ளி.

மண்வாரி ஓட்டிய பங்களாதேஷ்காரன் பயந்துபோய் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் படம் எடுத்துப் போட்டான். அவ்வளவுதான், நம்மவர்களுக்குச் சாமி வந்துவிட்டது. மாஸ்டர் அந்தப் பிறையைக் கப்பல் என்றார். மூன்று புள்ளியும் மாலுமிகள் திசை பார்த்த நட்சத்திரம், சோழர் படை கடாரத்துக்குப் போகும் வழியில் இங்கே இறங்கியிருக்கிறது என்றார். பொறியியலாளர் சுகுமாறன் இன்னொரு குழுவுக்குத் தலைவர். அவர், சோழர் எல்லாம் நேற்று வந்தவர்கள், இது சிந்துவெளி எழுத்து, ஐயாயிரம் வருடம் என்றார். பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் இரு தரப்பும் கூடிப் பேசியபோது தேநீர்க் குவளை பறந்ததாகக் கேள்வி. நடுவில் ஒரு விரிவுரையாளர், இது இந்த மண்ணின் பூர்வகுடிகள் வைத்ததாகவும் இருக்கலாம் என்று ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார். அவரைத் திட்டுவதற்காக ஒரே ஒரு நாள் சோழரும் சிந்துவெளியும் ஒன்று சேர்ந்தார்கள்.

ஆனால் அந்தச் சத்தத்தில் ஒரு காரியம் நடந்தது. தொல்பொருளைப் பார்க்கிற இலாகா தலையிட்டு, கற்களை ஆராய்ந்து முடிக்கும்வரை அந்த மேட்டைத் தொடக்கூடாது என்று நிறுத்தி வைத்தது.

"வர்ற வியாழக்கிழமை ஆபீசர் வராங்க. பால் ஊத்தி, குங்குமம் பூசி, சனங்க எல்லாத்தையும் அப்பி வெச்சிருக்காங்க. கோடு ஒண்ணும் தெரியல. போட்டோவுல விழவே மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் துலக்கிக் குடுத்தா போதும்" என்றார் மாஸ்டர்.

"துலக்குறதுன்னா? கழுவுறதா, வெட்டுறதா?"

"உங்களுக்குத் தெரியாததா? நீங்க செய்யறதுதான்."

சனிக்கிழமை காலையில் ஜெனரேட்டரையும் டங்ஸ்டன் முனை போட்ட உளி இயந்திரத்தையும் வேனில் ஏற்றிக்கொண்டு செமினிக்குப் போனேன். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏதோ நம் இனத்துக்குச் செய்கிறோம் என்று ஒரு பெருமை. மறைப்பானேன், சோழன் கல்லில் உளி வைத்தவன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்கிற ஆசையும் இருந்தது.

மேட்டில் பெயர் தெரியாத பெரிய காட்டு மரம் ஒன்று தனியாக நின்றது. அதைச் சுற்றிக் கற்கள். எல்லாவற்றுக்கும் மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள். ஒரு துணியை அவிழ்த்து, பிசுக்கைக் கழுவிவிட்டுப் பார்த்தேன். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோடு கோடாக இழுத்து வெட்டிய வேலை இல்லை அது. சின்னச் சின்னக் குழியாக, நெருக்கமாக, ஒரே அளவில் கொத்திக்கொண்டே போயிருந்தது.

"மாஸ்டர், இது அம்மி கொத்துறவன் கை" என்றேன்.

"சோழன் காலத்துல அம்மி இல்லையா?" என்றார் அவர்.

அம்மி இருந்திருக்கும்தான். இருந்தாலும் கல் அவ்வளவு பழையதாக எனக்குத் தெரியவில்லை. குழிக்குள் பாசி இருந்தது, விளிம்பு மழுங்கியிருந்தது. ஆனால் ஆயிரம் வருட மழை இப்படி விட்டுவைக்காது. ஐம்பது, அறுபது வருடம் சொல்லலாம். கிள்ளான் கல்லறைத் தோட்டத்தில் ஐம்பது வருடக் கல் எப்படி இருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அதைச் சொல்ல வாயெடுத்தேன். மாஸ்டர் அதற்குள் போனில் யாருக்கோ நேரலையில் பேச ஆரம்பித்துவிட்டார். நானும் வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

மதியத்துக்குள் பத்துக் கல் முடிந்தது. மாஸ்டர் சாப்பிடப் போனார். நான் முகமூடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தபோது, கடைசிக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். மாஸ்டர் எடுத்த வீடியோக்களில் வருகிற அதே முகம். சீதாலெட்சுமி. 'எங்க பாட்டன் காலத்துலேர்ந்து ராஜா கல்லுன்னு கும்பிடுறோம்' என்று அந்த வீடியோவில் சொன்னவர். இந்தத் தோட்டத்தில் பிறந்து, இங்கேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டி, இப்போது பக்கத்தில் மலிவு விலை அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில் இருப்பவர்.

"சாப்பிடுங்க தம்பி" என்று நாசி லெமாக் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

"நீங்க சாப்பிடலையாக்கா?"

"இங்க நான் சாப்பிட மாட்டேன்."

சாப்பிட்டு முடித்துவிட்டுக் கடைசிக் கல்லின் துணியை அவிழ்த்தேன். பிறையும் புள்ளியும் இருந்த கல். பிறை தெரிந்தது. புள்ளி இரண்டுதான் தெரிந்தது. போட்டோவில் நிழலாய்த் தெரிந்த மூன்றாவது இருக்கிற இடத்தில் கல் பொரிந்து போயிருந்தது.

"மூணாவது புள்ளி எங்க வரணும்னு போட்டோ பாத்துத்தான் சொல்லணும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மாள் எழுந்தார். உட்கார்ந்திருந்த வாளியைத் தூக்கி என் முன்னால் திருப்பி வைத்தார். பழைய துருப்பிடித்த வாளி. அதன் வயிற்றில் ஆணியால் தட்டித் தட்டி ஒரு பிறை. மேலே மூன்று புள்ளி.

"இதப் பாத்து வெட்டுங்க" என்றார்.

வாளியையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இது என்னாக்கா?"

"எங்க பால் வாளி. பால் நிறுக்குற எடத்துல நூறு வாளி நிக்கும். மாறிடக்கூடாதுன்னு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு குறி. முருகாயி வீட்டுக்கு மீனு. மேட்டு லயத்து வேலுக்குச் சூலம். எங்களுக்கு இது."

"அப்ப இந்தக் கல்லு..."

"எம் மக. குமுதா. மூணு வயசு. எழுபத்து நாலுல காய்ச்சல் வந்துச்சு. லோரி வந்து ஆஸ்பத்திரிக்கு ஏத்துறதுக்குள்ள போயிட்டா." கல்லின் தலையில் கையை வைத்துக்கொண்டார். "பெரியவங்கள ஆத்தோரமா எரிச்சுருவோம். புள்ளைங்கள மட்டும் இந்த மேட்டுலதான் பொதைப்போம். எட்டு வருஷத்துல பதினோரு புள்ளைங்க. எங்க வூட்டுக்காரரு தம்புசாமி ஞாயித்துக்கெழமைல லயத்து அம்மி எல்லாம் கொத்திக் குடுப்பாரு. அவருக்குப் பேரு எழுதத் தெரியாது. வாளிக் குறி தெரியும்."

நான் உளியைக் கீழே வைத்துவிட்டேன். சுற்றிலும் பார்த்தேன். பத்துக் கல்லும் என் கையால் பளிச்சென்று வெள்ளை வெள்ளையாக நின்றன. காலையிலிருந்து பதினோரு பிள்ளைகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மாஸ்டருக்குத் தெரியுமா?"

"மொத நாளே சொன்னேன். 'நீங்க பழைய சோழன் கல்ல எடுத்து நட்டுருப்பீங்கம்மா, உங்களுக்கே தெரியாது'ன்னாரு. அப்புறம் சொன்னாரு, 'பொதைகுழின்னு சொன்னா ஒரே வாரத்துல தோண்டித் தள்ளிருவாங்க. சோழன்னு சொன்னா எவனும் தொட முடியாது. அதனால வாயத் தெறக்காதீங்க'ன்னாரு."

எனக்கு வந்த கோபத்தில் ஜெனரேட்டரை ஓர் உதை விட்டேன். "என்னாக்கா இது! நீங்க உண்மையச் சொல்லிருக்கணும்லா! நாளைக்கே நான் வரேன், யாருகிட்ட சொல்லணும் சொல்லுங்க!"

"யாருகிட்ட தம்பி?" அவர் குரல் உயரவே இல்லை. "நெலம் வித்தப்பவே போனேன். தோட்டத்து ஆபீசு, நெல ஆபீசு, வூடு கட்டுறவங்க ஆபீசு. 'பத்திரத்துல இங்க இடுகாடுன்னு இல்லையே'ன்னாங்க. சாவுப் பத்திரத்தக் காட்டுனேன். ஹார்லோ தோட்டம்னுதான் போட்டிருக்கு, எந்த மேடுன்னு போட்டிருக்கான்னு கேட்டாங்க. உண்மையச் சொல்லிட்டு மூணு வருஷம் அலைஞ்சேன். பொய்யி சொன்னேன், மூணே வாரத்துல பேப்பர்ல வந்துச்சு. மிஷினு நின்னுச்சு."



கருவிகளைக் கட்டப் போனேன். இந்த ஒன்றாவது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். அவர்தான் என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"மத்த புள்ளைங்களுக்கு எல்லாம் செஞ்சீங்க. எம் மகளுக்கு மட்டும் மங்கலா இருக்கணுமா? நானும் வருஷா வருஷம் சாம்பல் போட்டுத் தேச்சுப் பாக்குறேன். அந்த ஒரு புள்ளி போனதிலேர்ந்து மனசு கேக்கல."

மங்கல்தான் அந்தக் கல்லின் வயது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். குழிக்குள் இருக்கிற பாசியும் பொரிவும்தான் அதன் பிறப்புச் சான்றிதழ். இந்த மூளை அதைச் சொல்லத்தான் செய்தது. ஆனால் என் முன்னால் நின்றது ஒரு தாய், கேட்டது ஒரு கல்லறைக் கல்லைத் துலக்கித் தர. முப்பத்து நான்கு அக்டோபரில் ஒருவருக்கும் இல்லை என்று சொல்லாத கை இது. வருகிற அதிகாரி உருவத்தைத்தான் பார்க்கப்போகிறார், ஆழத்தையா அளக்கப்போகிறார் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

மற்ற பத்தையும் கல்லுக்கு அரை மணியில் முடித்தவன் இதற்கு இரண்டு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிறையின் வளைவை அப்படியே எடுத்தேன். மூன்றாவது புள்ளியை வெட்டி முடித்ததும் அந்த அம்மாள் விரலை அதற்குள் விட்டுப் பார்த்தார். ஐம்பது வருடத்துக்குப் பிறகு மகள் காது குத்திக்கொண்டு வந்து நின்றதுபோல அவர் முகம் இருந்தது. நல்ல காரியம் செய்தோம் என்று நான் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன். அதை இப்போது நினைத்தாலும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். நோரைனி என்று ஒரு மலாய்ப் பெண், நாற்பது வயது இருக்கும், காலணி முழுக்கச் செம்மண். மாஸ்டர் மாலையோடு நின்றார். நோரைனி மாலையை வாங்கித் தன் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, முதல் கல்லின் முன்னால் குந்தினார். சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றைக் கண்ணில் வைத்தார். பிறகு விரலால் கோட்டுக்குள் தடவி, விரலை எங்களிடம் காட்டினார். வெள்ளைத் தூள்.

"இது யார் வெட்டினது?" என்று மலாயில் கேட்டார்.

"ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வெட்டியது" என்றார் மாஸ்டர்.

நோரைனி சிரிக்கவில்லை. இரண்டாவது கல், மூன்றாவது கல் என்று பதினொன்றையும் பார்த்தார். அரை மணி நேரம். அதற்குள் என் சட்டை நனைந்துவிட்டது. கடைசியில் நானே போய் அவர் முன்னால் நின்று, மலாய் மரியாதையில் 'புவான்' என்று அழைத்துச் சொன்னேன்.

"நான்தான் வெட்டினேன், புவான். போன சனிக்கிழமை. பழைய கோட்டின் மேலேதான் வெட்டினேன். புதிதாக எதையும் வரையவில்லை."

"கை வைக்காத கல் ஏதாவது இருக்கிறதா?"

"இல்லை."

"ஒன்றுகூடவா?"

"ஒன்றுகூட இல்லை."

அவர் கண்ணாடியை உறையில் போட்டு மூடினார். அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அப்போதுதான் சீதாலெட்சுமி அக்கா முன்னால் வந்தார். வாளியைத் தூக்கிக் காட்டினார். தனக்குத் தெரிந்த மலாயில் எல்லாவற்றையும் சொன்னார்: பால் நிறுக்கிற இடம், காய்ச்சல், தம்புசாமி, குமுதா. மாஸ்டர் நடுவில், "அம்மா, சும்மா இருங்க" என்று இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவை சொல்லியிருந்தால் நான் அவரை அடித்திருப்பேன்.

நோரைனி முழுவதையும் கேட்டார். எழுதிக்கொண்டார். பிறகு தன் போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டார். 'எங்க பாட்டன் காலத்துலேர்ந்து ராஜா கல்லுன்னு கும்பிடுறோம்.' கீழே மலாயில் மொழிபெயர்ப்பு ஓடியது.

"இது நீங்கள்தானே மக்சிக்?" என்று பெரியம்மாவைக் கூப்பிடுகிற மலாய் வார்த்தையில் கேட்டார்.

அக்கா தலையாட்டினார்.

"நீங்கள் இன்று சொல்வதை நான் நம்புகிறேன்" என்றார் நோரைனி. குரல் கடுமையாக இல்லை. கடுமையாக இருந்திருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஆனால் நான் நம்புவதை அறிக்கையில் எழுத முடியாது. பழைய வெட்டு இருந்திருந்தால் அது ஐம்பது வருடம் என்று நான் எழுதியிருப்பேன். ஆயிரம் வருடம் இல்லாவிட்டாலும் பழைய இடுகாடு என்று உரிய இடத்துக்குப் போயிருக்கும், வேலையை நிறுத்தி முறைப்படி எடுத்திருப்பார்கள். இப்போது கல்லில் இருப்பது ஐந்து நாள் வெட்டு. வாளியைப் பார்த்து அதை வெட்டினீர்கள் என்று யாரும் சொல்லலாம்."

வாளியைப் பார்த்துத்தான் வெட்டினேன்.

"எலும்பு இருக்கும்லா! தோண்டிப் பாருங்க!" என்று நான் கத்தினேன்.

அவர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும், இல்லையென்றால் நீதிமன்ற உத்தரவு வேண்டும் என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "மூன்று வயதுக் குழந்தை. இந்தப் புளிப்பு மண்ணில் ஐம்பது வருடம். தோண்டினாலும் ஒன்றும் இருக்காது, ஐயா. அதை அந்த அம்மாவிடம் நீங்களே சொல்லாதீர்கள்" என்றார்.

நான் சொல்லவில்லை.

இரண்டு வாரத்தில் அறிக்கை வந்தது. கற்களில் உள்ளவை அண்மையில் வெட்டப்பட்டவை, தொன்மைக்கு ஆதாரம் இல்லை. பத்திரிகைகள் அதைப் 'போலிக் கல்' என்று சுருக்கின. போலீசில் என்னையும் மாஸ்டரையும் வாக்குமூலம் வாங்கி எச்சரித்து அனுப்பினார்கள். பதினோரு கல்லையும் சாட்சிப் பொருள் என்று லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அக்கா அந்த ஒரு கல்லையாவது கேட்டு மனு கொடுத்தார். விசாரணை முடியட்டும் என்றார்கள். இன்னும் முடியவில்லை.

சுகுமாறன், நான் அப்போதே சொன்னேன், சோழர் இல்லை என்று போட்டார். மாஸ்டர், உண்மையை மறைக்கப் பெரிய சதி நடக்கிறது என்று போட்டார். அவருடைய குழுவில் இப்போது இரண்டாயிரம் பேர். ஒரு நாள் பிரிக்பீல்ட்ஸில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். "வருத்தப்படாதீங்க ரபேல், சரித்திரம் நம்ம பக்கம்" என்று என் தோளில் தட்டினார். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. மனதார நம்புகிறார். அவருக்கு ராஜா வேண்டும். அம்மி கொத்தினவன் மகள் அவருக்கு எதற்கு? அவரைத் திட்ட எனக்கும் அருகதை இல்லை. உளி என் கையில்தான் இருந்தது.

அந்த நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைக்குப் போய், என் அம்மாவின் கல்லுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வீடு திரும்பினேன். மறுநாள் காலையில் அக்கா போன் செய்தார்.

"தம்பி, மேட்டுல வேலை ஆரம்பிச்சுட்டாங்களாம். ஒரு பிடி மண்ணாவது எடுத்துக்கணும். நீங்க வரீங்களா? எனக்குத் தனியா போக..." அதோடு நிறுத்திவிட்டார்.

"நானும் வரேன்" என்றாள் உர்சுலா. வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தனியாகப் போய் அக்காவை வேனில் ஏற்றிக்கொண்டேன்.

நாங்கள் போய்ச் சேரும்போது பத்து மணி. தகர வேலி போட்டிருந்தார்கள். காவலுக்கு இருந்த நேப்பாளி அக்காவையும் வாளியையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தான். உள்ளே போனதும் நான் நின்றுவிட்டேன்.

மேடே இல்லை.

ஒரே சமமாகச் செம்மண். கால்பந்துத் திடல் இரண்டு போடலாம். மரம் இல்லை, மரத்தின் வேர்கூட இல்லை. தூரத்தில் இரண்டு மண்வாரிகள் போய் வந்துகொண்டிருந்தன. மேட்டு மண்ணைப் பள்ளத்தில் தள்ளி நிரப்பியிருந்தார்கள். அன்றைக்கு நான் உட்கார்ந்திருந்த இடம் இப்போது என் தலைக்கு மேலே வெறும் காற்றில் எங்கோ இருக்கிறது. அங்கே இருந்த மண், இந்தத் திடலில் எந்த மூலைக்குப் போயிற்றோ, எத்தனை லோரியில் வெளியே போயிற்றோ, யாருக்குத் தெரியும்?

அக்கா வாளியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பத்து அடி போய் நிற்பார், சுற்றிப் பார்ப்பார், திரும்பவும் நடப்பார். ஐம்பது வருடம் கண்ணை மூடிக்கொண்டு வந்து நின்ற இடம் அது. ஒரு தடவை இடது பக்கம் கையை நீட்டினார், அங்கேதான் மரம் இருந்தது என்பதுபோல. பிறகு அவரே கையை இறக்கிக்கொண்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் பின்னாலேயே போனேன். என்னால் வேறு என்ன செய்ய முடியும்?

கடைசியில் என்னிடம் திரும்பினார்.

"தம்பி, நீங்கதானே ரெண்டு மணி நேரம் அவகிட்ட உக்காந்திருந்தீங்க. எந்த எடம்னு சொல்லுங்க."

அவர் கண்ணில் சந்தேகமே இல்லை. கல் வெட்டுகிறவனுக்கு இடம் தெரியும் என்று அவ்வளவு நிச்சயம்.

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நோரைனி சொன்னதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். உண்மை சொல்லிப் பழகாத ஊரில் ஒருவனாவது சொல்லட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகு அந்த வாளியைப் பார்த்தேன். காலையில் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்திருந்தார். துரு போய்ப் பிறையும் புள்ளியும் மின்னின.

நான் நடந்தேன். கொஞ்சம் முன்னால் போய், வலது பக்கம் நாலு அடி வைத்து, மண்வாரியின் சக்கரத் தடம் படாத ஓர் இடத்தில் நின்றேன். குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்தேன்.

"இங்கதான்க்கா."

"நிச்சயமா?"

"நான் உக்காந்த எடம் எனக்கு மறக்குமாக்கா? இங்கதான்."

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். கையாலேயே மண்ணை அள்ளி வாளியில் போட ஆரம்பித்தார். மண்வாரி இறுக்கிய மண், நகம் வலித்திருக்கும். நான் குந்தி, பையிலிருந்து உளியை எடுத்து மண்ணைக் கிளறிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு பிடியாக உதிர்த்து, வேரும் கல்லும் பொறுக்கி எறிந்துவிட்டு, வாளிக்குள் வைத்தார். போடவில்லை, வைத்தார். வாளி நிறைகிறவரைக்கும் அப்படியே செய்தோம்.

எழுந்திருக்க நான் கை கொடுத்தபோது, என் கையை விடாமல், "நீங்க இல்லாட்டி எம் மகள நான் தொலைச்சிருப்பேன் தம்பி" என்றார்.

அக்கா வீட்டுக்கு வாளியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். மின்தூக்கி வேலை செய்யவில்லை. ஐந்து மாடி.